திருப்பூர் போய் வந்தேன், பீரோவைத் திறந்தேன்

"அக்கா, எனக்குக் கல்யாணமாகி 24 வருஷமாச்சு. ஒரு தடவையாவது எங்க ஊரை எட்டிப் பாத்தியா?" என்று என் சித்தி மகள் கேட்காத நாளில்லை. திருச்சியிலிருந்து திருப்பூர் ஒன்றும் காசி இல்லைதான். ஆனாலும் குடும்பப் பெண்கள் வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமே! சென்ற ஆவணியில் அவள் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்தார்கள். காரணம் கிடைத்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு காலை வண்டியில் ஏறிவிட்டேன்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அதற்கு ஒரு முன்கதை உண்டு. கல்லூரி திறந்தபோது, பெரிய கம்பெனிப் பெயர் போட்ட டி-ஷர்ட் ஒன்று வேண்டும் என்றாள். விலை 1,499 ரூபாய். "எல்லாரும் போட்டுட்டு வராங்கம்மா, என்னைத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று கண் கலங்கினால் பெற்ற மனம் கேட்கிறதா? கண் டாக்டர் பவர் மாறியிருக்கிறது, புதுக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்காகக் கடுகு டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது தோய்ப்பில் அந்தச் சட்டையின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்து நின்றது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "நீங்க தோய்ச்ச விதம் சரியில்லை" என்றார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. அது போகட்டும், அதே பெயரில் இன்னொன்று வேண்டும் என்றாளே பார்க்கலாம்! முடியாது என்றேன். நாலு நாளாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. முறுக்கிய சட்டையை நான்தான் பெட்டியில் எடுத்து வைத்தேன். தங்கையின் வீட்டுக்காரர் பனியன் தொழில் செய்கிறவர், காட்டிக் கேட்கலாம் என்று.

கரூர் தாண்டி ஈரோடு போனோம். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை! மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திருப்பூர். ஸ்டேஷனுக்கு அருகிலேயே கொடி காத்த குமரனின் நினைவகம் இருக்கிறது. 1932 ஜனவரியில் கொடியை விடாமல் பிடித்தபடி அடிபட்டு உயிர் விட்டவர். அந்நியத் துணியைத் தெருவில் போட்டு எரித்த காலத்து மனிதர். அவர் பெயரில் உள்ள சாலையில் இன்று போகிற வருகிற பிள்ளைகளின் நெஞ்சிலெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் எத்தனையோ இதே ஊரில் தைத்தவைதான். இந்தியாவிலிருந்து கப்பலேறும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது.

வளைகாப்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வளையல், சந்தனம், கலந்த சாதங்கள் எல்லாம் எங்கும் உள்ளதுதான். ஆனால் சம்பந்தி வீட்டுப் பாட்டி சொன்னது ஒன்று மனதில் நின்றது. குழந்தை பிறக்குமுன் புதுத் துணி வாங்கி வைக்கிற வழக்கம் நம்மில் இல்லை அல்லவா? யாரோ ஒரு பெண், "பிறந்ததும் நல்ல பிராண்டா பத்து செட்டு ஆர்டர் பண்ணிடலாம்" என்றாள். பாட்டி சிரித்துவிட்டார். "எதுக்குங்க அம்மணி? பத்து வருசம் தோச்ச சீலை ரெண்டு இருந்தாக் கொண்டாங்க. பச்சப்புள்ள ஒடம்புக்கு அதுதானுங்க மெத்துனு இருக்கும். மூணே மாசத்துல அத்தனை சட்டையும் பத்தாமப் போயிருமுங்க." 

நான் அப்படி இரண்டு வாயில் புடவைகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து எடுத்துப் போயிருந்தேன். கொடுக்கலாமா, இந்தக் காலத்தில் கௌரவக் குறைவாக நினைப்பார்களோ என்று பெட்டியிலேயே வைத்திருந்ததைத் தைரியமாக வெளியே எடுத்தேன். இளம் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழந்துணியை வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, நல்ல வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். ஜரிகை, கொக்கி, தொங்கும் நூல் எதுவும் இருக்கக் கூடாது.

மறுநாள் தங்கையின் வீட்டுக்காரர், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் தன் தையல் கொட்டகைக்கு அழைத்துப் போனார். 'பவர் டேபிள்' என்கிறார்கள். 12 மிஷின்கள். கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும். இங்கே தைத்துக் கொடுத்தால் சட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பெண் தோளை இணைக்கிறாள், அடுத்தவள் கழுத்துப் பட்டை, அதற்கடுத்தவர் கை. கடைசி மிஷினில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் சின்ன ரிப்பன் சுருள் மாதிரி ஒன்று. என்னவென்று எட்டிப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் நெய்த லேபிள்!

"அது எங்களுக்கு நூல்கண்டு மாதிரிதானுங்க அக்கா" என்றார் அவர். "சுருளா வருது. வெட்டி வெச்சுத் தைக்கறோம். அஞ்சு நிமிசத்துக்கு முந்தி அது வெறும் சட்டை. இதை வெச்ச பொறவுதான் அதுக்குப் பேரு."

என் மகள் அந்தச் சுருளைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

நான் முறுக்கிய சட்டையை நீட்டினேன். அவர் நெஞ்சில் இருந்த பெயரைப் பார்க்கவே இல்லை. சட்டென்று உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். கழுத்துப் பட்டையை இழுத்து விட்டார். தோள் தையலைத் தடவினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு கீழ் மடிப்பருகே துணியின் கோடுகளைக் காட்டி, "இங்க பாருங்க, துணிக் கோடு ஒரு பக்கம் சாயுது, தையல் ஒரு பக்கம் போகுது. தோச்சா முறுக்காம என்ன செய்யும்?" என்றார். 

புடவை மாதிரி இது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. வட்டமாகச் சுற்றும் மிஷினில் நூல் ஏறிக்கொண்டே போகிறது. நூலுக்கு என்று ஒரு முறுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்து துணியை ஒரு பக்கமாக இழுக்கின்றன. துணியை நனைத்து, ஆறவிட்டு, நீராவியில் பதமாக அழுத்தி எடுத்த பிறகு வெட்டினால் இந்த இழுப்பு அடங்கும். அவசர ஆர்டர் என்றால் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆக, நான் தோய்த்ததில் தப்பில்லை! 1,499 ரூபாய் திரும்பி வராவிட்டாலும் என் மனம் குளிர்ந்தது.

அப்படியானால் பெயர் எல்லாம் ஏமாற்றுதானா என்று கேட்டேன். "அப்படியும் சொல்லிறாதீங்க" என்றார். ஒரே கொட்டகையில் தைத்தாலும் ஆர்டருக்கு ஆர்டர் நூல் வேறு, துணியின் எடை வேறு. சில கம்பெனிகள் ஆள் அனுப்பிச் சட்டை சட்டையாகச் சோதிப்பார்கள். வெளிநாட்டுக் குழந்தை உடுப்புகளை, உடைந்த ஊசித் துண்டு உள்ளே இருக்கிறதா என்று மிஷினில் விட்டுப் பார்க்கிறார்கள். குழந்தைச் சட்டையின் கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு வைக்கக் கூடாது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதியே உண்டாம். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காக. நாம் அழகு என்று நினைத்து அந்தக் கயிறு வைத்ததைத்தானே தேடி வாங்குகிறோம்? அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: பெயர் இருந்தால் நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திருப்பிப் பார்க்காமல் தெரியாது.

மாலையில் ஸ்டேஷன் பக்கம் காதர்பேட்டைக்குப் போனோம். சின்னச் சின்ன கடைகள், வாசல் வரை குவியல் குவியலாகப் பனியன், சட்டை, குழந்தை உடுப்பு. ஏற்றுமதியில் மிஞ்சியவையும், சிறு பழுதுக்காகத் தள்ளியவையும் இங்கே வரும். பலவற்றில் கழுத்து லேபிளைக் கத்தரித்திருந்தார்கள். லேபிள் முழுசாக இருந்தாலும் அது நிஜம்தானா என்று யார் கண்டது? மகள் ஒரு நீலச் சட்டையை எடுத்தாள். என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்பக்கத்தைத் திருப்பினாள்! கழுத்தை இழுத்து விட்டாள், பட்டை பழையபடி சுருங்கிற்று. தோள் தையலில் உள்ளே நாடா வைத்திருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துணியில் தேய்த்தேன் நான். சாயம் ஒட்டவில்லை. கைப் பக்கம் ஒரு பொட்டளவு பின்னல் விட்டிருந்தது. 130 ரூபாய். பின்னல் துணியில் அந்த மாதிரி ஓட்டையைத் தோய்ப்பதற்கு முன்பே அதே நிற நூலால் கண்ணியைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். விட்டால் ஏணி மாதிரி ஓடிவிடும். 

மலிவாக இருக்கிறதே என்று எனக்கும் கை பரபரத்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவருக்கு நாலு, பிள்ளைக்கு ஆறு என்று எடுத்துப் போட்டுவிட்டேன். தங்கைதான், "அக்கா, எல்லாரும் இங்க வந்தா இப்படித்தான். அப்புறம் போடறதுக்கு ஆள் இருக்காது" என்றாள். வெட்கத்தோடு திருப்பி வைத்தேன்.

வீடு திரும்புகையில் நொய்யல் பாலத்தைக் கடந்தோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற ஆறு. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். சாயக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் வயலுக்கே ஆகாமல் போயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று ஆன பிறகுதான் தொழில் மறுபடி நிமிர்ந்தது. "அந்த வருசம் நாங்க பட்ட பாடு" என்று தங்கை பெருமூச்சு விட்டாள். எனக்கு இன்னொன்று உறைத்தது. இந்த நொய்யல் கரூர் பக்கம் போய்க் கலப்பது காவிரியில். காவிரி அங்கிருந்து வருவது எங்கள் திருச்சிக்கு! நாங்கள் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு தடவை போட்டுவிட்டு மூலையில் எறிந்த கலர் சட்டைகளின் சாயம் எங்கள் வீட்டுக் குழாய் வரை வந்துதானே இருக்கும்?

ஊர் திரும்பிய மறுவாரம் பீரோவைத் திறந்து அத்தனையையும் கட்டிலில் கொட்டினேன். என் புடவைகள் மட்டும் 53. போன ஒரு வருஷத்தில் கட்டியவை 14! "கட்டிக்க ஒண்ணுமே இல்லை" என்று அவரிடம் மூக்கைச் சிந்தியதை நினைத்துச் சிரிப்பு வந்தது. காரணம் தேடினால் பாதிக்கு மேல் அற்ப விஷயம். ரவிக்கை இறுகிவிட்டது, ஃபால்ஸ் பிரிந்திருக்கிறது, கொக்கி விழுந்திருக்கிறது. ரவிக்கைகளில் உள்ளே மடித்து விட்ட துணி இருந்தது, பக்கத் தையலைப் பிரித்ததும் ஒன்பது தேறின. கல்யாணப் பட்டைப் பத்து வருஷமாக ஒரே மடிப்பில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் மடிப்பிலேயே இற்றிருக்கும். மடிப்பை மாற்றி, அவருடைய பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் இரண்டு சுடிதார்களில் மேல்சட்டை நைந்து துப்பட்டா புதிதாக இருந்தது. அந்தத் துப்பட்டாக்களைப் பழைய வெள்ளைச் சுடிதாருக்கு ஜோடி சேர்த்தாயிற்று.

அவருடைய ஆபீஸ் சட்டைகள் நாலில் காலர் மட்டும் நைந்திருந்தது. அந்தக் காலத்தில் என் அம்மா செய்வார், காலரைக் கழுத்துப் பட்டையிலிருந்து ஜாக்கிரதையாகப் பிரித்து, நடுவை ஊசி குத்தி அடையாளம் வைத்து, திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டால் நைந்த பக்கம் உள்ளே போய்விடும். அவர், "ஆபீஸில் கண்டுபிடித்துவிடுவார்களோ?" என்று முதலில் பயந்தார். இது வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மகள் அந்த 130 ரூபாய்ச் சட்டையைக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போனாள். தோழிகள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலு தோய்ப்பு ஆயிற்று, தையல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முறுக்கிய 1,499 ரூபாய்ச் சட்டையை வீட்டில் தூங்கும்போது போட்டுக்கொள்கிறாள். என் கண்ணாடிதான் இன்னும் மாற்றவில்லை. டப்பாவில் 600 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அது வரைக்கும் காலர் திருப்ப உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. "என்னம்மா நீ!" என்று அலுத்துக்கொண்டே வந்து கோத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.