காத்தை இறக்குங்க சார்!

லண்டனுக்குத் தென்கிழக்கே 'பிராண்ட்ஸ் ஹாட்ச்' ரேஸ் டிராக். பந்தயமில்லாத சில நாட்களில், பணம் கட்டினால் சொந்தக் காரிலேயே சுற்றலாம். நண்பரோடு போனேன். அவருடையது 'கேட்டர்ஹாம் செவன்'. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஷெட்டில் அவரே மாட்டிய கார். எடை ஐந்நூத்திச் சொச்சம் கிலோ. நம்ம மாருதி 800-ஐ விட லேசு!

முதல் வளைவு 'பேடாக் ஹில்'. திரும்பும்போதே ரோடு கிணற்றில் இறங்குவது போல் சரியும். நாலாவது ரவுண்டில் பின்பக்கம் வழுக்கி, கார் அரைப் பிரதட்சணம் செய்து வந்த வழியைப் பார்த்து நின்றது. எனக்குக் குலதெய்வம் தெரிந்தது. கொடியை ஆட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஸ்பிரிங் மாத்தணும், டயர் மாத்தணும். ஒரு மாசச் சம்பளம் காலி" என்று புலம்பினார் நண்பர்.

பக்கத்து கார் பெரியவர் பிரஷர் கேஜோடு குனிந்தார். காலையில் 20 பவுண்டு வைத்த டயர், சூட்டில் 25 காட்டியது.

"லேசான வண்டிக்கு இது ஜாஸ்தி. டயர் நடுவுல புடைச்சுக்கும். ரோட்டைத் தொடுற ரப்பர் குறைஞ்சிடும்" என்றவர், நாலு டயரிலும் 20-க்கு இறக்கினார். செலவு? பூஜ்யம்.

மறுபடி அதே வளைவு. கண்ணை மூடிக்கொண்டேன். கார் உடும்பாய்ப் பிடித்தது.

சாயங்காலம் டயர் ஆறியதும், ஊர் ரோட்டுக்காகக் காத்தைத் திரும்ப ஏற்றினோம். நண்பர் மறுநாள் வாங்கிய ஒரே உதிரிபாகம், ஒரு நல்ல பிரஷர் கேஜ்!