அட்டையில் இருந்த பெயர்

அந்தப் பெயரை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு சொன்னது பொய்.

ஓவியம் சிறியது. அடையாறு முகத்துவாரம், வலப்பக்கம் சில பனைகள், மணல்திட்டில் கவிழ்த்துப்போட்ட படகு. நீர்வண்ணம். வரைந்தவர் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தவர். ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அந்தப் பள்ளிக்குத் தலைமை வகித்தார். அவருடைய மாணவர்களின் பழைய படங்களை இன்று தேடி வாங்குகிறார்கள். இதை விற்றுத்தர ஒரு கடை ஒப்புக்கொண்டது. படம் யார் யார் கைமாறி வந்தது என்று எழுதித் தருவது என் வேலை.

பிரேமைக் கழற்றினேன். ஆணிகள் துருவேறியிருந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது வாட்மேன் ஆலையின் நீர்க்குறியும் 1937 என்ற ஆண்டும் தெரிந்தன. படம் அதற்கு முந்தியதல்ல என்பதைத்தான் அது சொல்லும். யாருடையது என்று சொல்லாது. அதைச் சொன்னது பின்னால் வைத்திருந்த பழுப்பு அட்டை. பிரேம் கடையின் கிழிந்த லேபிளுக்குக் கீழே, பென்சிலில், ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் ‘கல்யாணத்துக்கு’ என்று ஒரு சொல்.

படத்தைக் கொண்டுவந்த பெரியவர், “எங்க அப்பா வாங்கினது சார்” என்றார். இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் விற்பனை தள்ளிப்போகும், என் பணமும் தள்ளிப்போகும் என்ற பயம். அதைவிடப் பெரிது கர்வம். பழைய மெட்ராஸ் படங்கள் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். ‘தெரியவில்லை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஓவியரிடம் குடும்பத் தலைவர் நேரில் வாங்கியது, இன்றுவரை வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

அட்டையையும் தூக்கிப்போட்டேன். அமிலமேறிய அட்டை தாளைக் கெடுக்கும், மாற்றியது சரி. எறிவதற்கு முன் அதைப் படமெடுத்திருக்கலாம். செல்போன் மேசைமேல்தான் கிடந்தது.

படம் விற்றுப்போன பிறகு பெரியவரின் தங்கை வந்தார். எண்பதைத் தாண்டியவர். ஓவியர் அவருடைய அப்பாவின் சிநேகிதராம். கல்யாணப் பரிசாகத் தந்த படம், பிறந்த வீட்டிலேயே மாட்டியிருந்ததாம். “பின்னாடி என் பேர் இருக்கும், பாருங்க தம்பி.”

“அப்படி எதுவும் இல்லையேம்மா” என்றேன்.

அவருடைய வக்கீல் ஆதாரம் கேட்டார். அந்த அம்மாவிடம் வாய்வார்த்தைதான் இருந்தது. அண்ணனிடம் என் தாள் இருந்தது. வழக்குப் போடாமலே அந்த அம்மா விட்டுவிட்டார். அண்ணன் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

இப்போது அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். படத்தை வாங்கியவருக்கும் எழுதிவிட்டேன். திருப்பித்தர அவர் சம்மதிக்கவில்லை. என்னை நம்பிப் பணம் கொடுத்தவரை நான் எப்படிக் குறை சொல்வது?

ஊகத்தை உறுதிபோல் நான் எழுதியது இந்த ஒரு படத்துக்கு மட்டுமல்ல. என் கையெழுத்துள்ள தாளோடு உங்களிடம் படம் இருந்தால், தயவுசெய்து வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.