விதைக்கோட்டை

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்ட மாமாவே மூன்றாம் நாள் 'இது தேறாது' என்று கைவிட்ட கேஸ் நான். ஸ்கூபா ஆசாமிகள் உலகம் முழுக்கவிருந்து தேடிப்போகும் ஒரு தீவுக்கு 2014-ல் போய்ச் சேர்ந்தேன் என்றால், விதியைத்தான் சொல்ல வேண்டும்.

பிலிப்பைன்ஸில், நெக்ரோஸ் தீவின் தென்கிழக்கு முனைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அபோ. மொத்தமே முக்கால் சதுர கிலோமீட்டர். மலாடபாய் கடற்கரையிலிருந்து, இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கி கட்டிய படகில் தொப்பலாக நனைந்தபடி அரைமணி நேரப் பயணம். தீவில் கார் கிடையாது. நான் போனபோது சாயங்காலம் சில மணி நேரம்தான் கரன்ட். அதுவும் போனபின் இருட்டும் அலைச்சத்தமும்தான் துணை.

படகுக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே ரகம் என்பதால் பேச்சு சுலபமாக ஓடியது. எனக்கு லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடியும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, "குனிஞ்சு பாருங்க" என்றார். ஒரு கடலாமை, என்னைச் சட்டை செய்யாமல் கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நம்மூர் மாடு மாதிரியேதான்.

"எப்பவுமே இப்படித்தானா?"

சிரித்தார். "வெடி போட்டு மீன் பிடிச்ச ஊரு சார் இது."

மீன் குறைந்துபோன சமயத்தில், சில்லிமான் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஏஞ்சல் அல்காலா வந்து, கடலில் ஒரு துண்டை மட்டும் தொடாமல் விடுங்கள் என்றாராம். 'இருக்கிற கடலே பத்தலை, இதுல பூட்டு வேறயா?' என்று நிறையப் பேருக்குக் கோபம். பேசிப் பேசி, 1982-ல் அரை கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பகுதியை மூடினார்கள். காவலும் மீனவர்களே. உள்ளே பெருகிய மீன்கள் வெளியே வர, வலையும் கனக்க ஆரம்பித்தது.

"அந்த இடத்தைக் காட்டுங்களேன்" என்றேன். அவர் முகம் மாறியது. 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடித்த புயல்கள், முப்பது வருடம் காத்த பவளத்தை நொறுக்கிப் போட்டிருந்தன.

"அப்ப பூட்டு எதுக்கு? திறந்துட வேண்டியதுதானே?"

"இப்பத்தான் சார் பூட்டு வேணும்."

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. மழை பொய்த்த வருஷம். வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. மச்சில் இருந்த விதைக்கோட்டையைக் காட்டி, "அங்கேதான் நெல் இருக்கே" என்று அழுதிருக்கிறேன். "அது நெல்லு இல்லடா, அடுத்த வருஷம்" என்றாள்.

மறுநாள் கிளம்பினோம். விடிந்தும் விடியாத நேரம், கரையில் ஒரு ஜனமில்லை. நேராகப் போயிருந்தால் டீசல் மிச்சம். அவர் மிதவைகளுக்கு வெளியே சுற்றிக்கொண்டுதான் படகை ஓட்டினார்.