பூட்டிய வீடும் பூட்டாத கதவும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா?” என்று பெரியோர் கேட்பதுண்டு. அப்பழமொழியின் பொருள் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டிற்குத் திருடன் வந்து போன பிறகுதான்.

எங்கள் ஊர் திண்டுக்கல். பூட்டு என்றவுடன் எங்கள் ஊர்ப் பெயரும் நினைவுக்கு வருமல்லவா? கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஆகவே, தகடுகள் கூடக் கூட மாற்றுச் சாவியால் திறப்பது கடினம். என் தந்தை எட்டு லீவர் பூட்டு ஒன்றை வாங்கி வந்து வாசற்கதவில் மாட்டி, “இனி எந்தத் திருடனுக்கும் பயப்பட வேண்டாம்” என்று பெருமையுடன் கூறினார்.

2023ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில் எங்கள் பெரிய தாத்தா காலமான செய்தி வந்தது. அவசரமாகப் புறப்பட்டோம். துக்க வீட்டிற்கு நகை அணிந்து செல்லலாகாது என்று, பாட்டி கொடுத்த ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் கழற்றி அம்மா பீரோவில் வைத்தார். கொல்லைக் கதவைத் தாழிடுவது என் பொறுப்பு. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன். “ஆட்டோ வந்துவிட்டது, சீக்கிரம் வா!” என்று அப்பா அழைக்கவே, கதவை வெறுமனே சாத்திவிட்டு ஓடினேன். தாழ் போடவில்லை.

மூன்றாம் நாள் திரும்பியபோது எட்டு லீவர் பூட்டு தொங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பீரோ உடைந்து கிடந்தது. சங்கிலியும் வெள்ளிக் குங்குமச் சிமிழும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. காவலர் வந்து பார்த்தார். “கதவை உடைக்கவில்லை. வீட்டு விவரம் தெரிந்தவர்தான் வந்திருக்க வேண்டும். நீங்கள் ஊருக்குப் போவது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார்.

எல்லோருடைய கண்களும் ஒருவர் மீது சென்றன. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் அக்கா அவர். “இரண்டு நாள் வர வேண்டாம்” என்று அம்மா அவரிடம்தான் சொல்லிச் சென்றிருந்தார். வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. “என் பிள்ளைங்க மேல சத்தியமா எனக்குத் தெரியாதுங்கய்யா” என்று அவர் அழுதார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உண்மை என் நாக்கின் நுனியில் இருந்தது. அப்பாவின் கோபத்திற்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் அடிக்கவில்லை, சற்று நேரம் பேசவும் இல்லை. பின்பு என்னையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றார். அங்கிருந்த அதிகாரி, “இதை நேற்றே சொல்லியிருக்கலாமே, அம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு எங்களுக்குச் சில யோசனைகள் கூறினார். தோழியரே, அவை உங்களுக்கும் பயன்படும்.

வெளியூர் செல்லும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் சென்றால், ரோந்து வருவோர் அவ்வீட்டையும் பார்த்துக்கொள்வர். பாலும் செய்தித்தாளும் போட வேண்டாம் என்று நிறுத்திவிட வேண்டும். வாசலில் சேர்ந்து கிடக்கும் தாள்களே ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று திருடனுக்குச் சொல்லிவிடும். பகலிலும் எரியும் விளக்கு அதையே சொல்லும். பூந்தொட்டிக்கு அடியிலும் நிலைப்படிக்கு மேலும் சாவி வைப்பதைத் திருடரும் அறிவர். ஊருக்குப் போகும் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதைத் திரும்பி வந்த பின் செய்யலாம். பூட்டு எவ்வளவு உறுதியானாலும், நாதாங்கி உளுத்த மரத்தில் இருந்தால் கடப்பாரையால் ஒரு நெம்பில் பெயர்ந்துவிடும். ஐயம் ஏற்பட்டால் 100 அல்லது 112 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும்.

சங்கிலி இன்று வரை கிடைக்கவில்லை. நான்கு நாட்களாக அந்த அக்காவும் வரவில்லை. அம்மாவும் நானும் அவர் வீட்டிற்குச் சென்றோம். “தப்பு என்னுடையதுதான் அக்கா, மன்னித்துவிடுங்கள்” என்றேன். “அழாதே பாப்பா” என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். மறுநாள் வேலைக்கும் வந்தார். ஆனால் முன்போல் அடுக்களைக்குள் வரவில்லை. கொல்லைப்படியிலேயே நின்று, “பாத்திரத்தை வெளியே எடுத்து வைங்கம்மா” என்றார். இன்றும் அப்படியேதான் சொல்கிறார்.

திருடன் கொண்டு போனது ஒன்றரைப் பவுன். உழைத்து வந்த சங்கிலியை உழைத்தே மீண்டும் வாங்கிவிடலாம். நான் பேசாதிருந்த ஓர் இரவில் எங்கள் வீட்டை விட்டுப் போன நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவேன்?

இப்போதெல்லாம் இரவில் கொல்லைக் கதவின் தாழை இருமுறை இழுத்துப் பார்த்த பின்பே படுக்கிறேன். தோழியரே, நீங்களும் கதவைத் தவறாமல் தாழிடுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால், மறந்ததை அன்றே சொல்லிவிடுங்கள்.