மதிலும் முகமும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் மலையைப் பார்ப்பார்கள். சுற்றி நிற்கும் மதிலை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மனித முகத்திலும் இதே கதைதான். கண்ணையும் மூக்கையும் வர்ணித்த புலவர்கள் ஏராளம். மேல்தோலைப் பாடியவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

மேல்தோலின் வெளி அடுக்கு உண்மையில் ஒரு மதிலேதான். உயிர் போய்த் தட்டையான செல்கள் அதற்குச் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்தது சாந்து. உள்ளேயுள்ள ஈரம் போகாமலும், வெளியேயுள்ள கிருமி புகாமலும் அது காக்கிறது. கனம் இடத்துக்கு இடம் மாறும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பில்லாமல் சுற்றுகிற பாதத்தில் அது தடித்துக் காய்த்திருக்கும். கன்னத்திலோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். குதிகாலைத் தேய்ப்பது போலக் கன்னத்தைத் தேய்த்தால் என்ன ஆகும்?

என் தங்கை மகள் அப்படித்தான் தேய்த்தாள். பதினாறு வயது, முகமெல்லாம் பரு. "எல்லாம் அழுக்குடி, நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவு" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டு மாமி வரை உபதேசம் செய்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவினாள். எலுமிச்சம் பழச் சாற்றையும் தடவினாள். முகம் காய்ந்து இழுத்ததே தவிர, பரு போகவில்லை. "மாமா, விபூதி இட்டால்கூட எரிகிறது" என்றாள். பிறகு ஒரு மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் பூசினாள். மூன்றே நாளில் முகம் பளபளத்தது. நிறுத்தியதும் முன்னைவிட இரு மடங்கு சிவந்து வெடித்தது. அந்தக் கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்து நிற்க, அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

பருவுக்குக் காரணம் அழுக்கு அல்ல. பருவ வயதில் ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருகிச் சுரக்கின்றன, மயிர்க்கால்கள் அடைபடுகின்றன, அங்கே பாக்டீரியா பெருகி வீக்கம் உண்டாகிறது. சோப்பு அவ்வளவு ஆழம் போகாது. சருமம் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது. 1928-ல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்தார்கள். சோப்போ காரம். அடிக்கடி போட்டால் போர்வை விலகும், சாந்தும் கரையும். அதன்பின் பரு மருந்தே எரியத் தொடங்கிவிடும். கோயில் கல்லை மணல் வீச்சால் 'சுத்தம்' செய்யப்போய், கல்வெட்டுகள் மழுங்கிய கதை நம் நாட்டில் உண்டல்லவா? அதே கதைதான் இதுவும்.

களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கிக்கொண்டே தோலை மெலியச் செய்யும். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விதி டில்லியில் இருக்கிறது. களிம்பு தெருமுனையில் கிடைக்கிறது.

தோல் டாக்டர் அம்மாள் அதிகம் பேசவில்லை. "முதலில் சுவரைப் பூசுவோம், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்" என்றார். காரமில்லாத திரவத்தால் இரண்டே வேளை கழுவல், வாசனையில்லாத ஈரப்பூச்சு, வெயிலுக்கு ஒரு களிம்பு. எரிச்சல் அடங்கிய பிறகே பரு மருந்து, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பதினாறு வயதுக்கு ஒரு மாதம் ஒரு யுகம். ஆனாலும் பொறுத்தாள்.

அடுத்த கார்த்திகையில் எங்களோடு கிரிவலம் வந்தாள். கன்னத்தில் இரண்டு பரு இருக்கத்தான் இருந்தன. அவள் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டது காலில் குத்திய கற்களைப் பற்றித்தான்.