குறி நகரக் கூடாது

வேடந்தாங்கல்காரர்களுக்கு வெடிச்சத்தம் ஆகாது. ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் பருவத்தில், என் பழைய புல்லட்டின் சைலன்சர் படார் படாரென்று வெடித்தது. அந்தச் சத்தத்தின் வேர் எங்கே என்று தேடித்தான் ஆக வேண்டும்.

வண்டி 350 சிசி, வார்ப்பிரும்பு இன்ஜின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானித்த பிளாட்டினம் பாயிண்டும் அட்வான்ஸ் குண்டுகளும் தேய்ந்துபோனதால், வெளிக்கடையில் வாங்கிய எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று அந்த வேலையைப் பார்க்கிறது. கிராங்க் முனையில் ஒரு பல் சக்கரம், அதன் எதிரே பிக்கப் காயில். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி வேண்டும் என்பதை லேப்டாப்பில் எழுதிவிடலாம்.

கோளாறு விசித்திரமாக இருந்தது. ஸ்டார்ட் செய்யும்போது கிக்கர் காலைத் திருப்பி உதைத்தது. திருக்கழுக்குன்றம் வரை மிதமான வேகத்தில் வண்டி தங்கமாக ஓடியது. மாமல்லபுரம் தாண்டி இசிஆரில் முறுக்கினால் சைலன்சர் வெடித்தது. கிக்கர் உதைத்தால் பொறி முந்துகிறது என்று அர்த்தம். முறுக்கும்போது இழுவை செத்து சைலன்சர் வெடித்தால், பொறி பிந்தி, எரிந்து முடியாத பெட்ரோல் வெளியே போகிறது என்று அர்த்தம். ஒரே இன்ஜினில் இரண்டும் எப்படி? திரையிலோ கிக்குக்கு 6 டிகிரி, வேகத்துக்கு 30 டிகிரி என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

மதுராந்தகத்தில் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு மூத்த மெக்கானிக் கேட்டதும் சொன்னார்: “கார்புரேட்டர்ல கை வைக்காத தம்பி. டைமிங் எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு. கம்ப்யூட்டர்ல இல்ல, கிராங்குல.”

பெட்ரோல் எரிய நேரம் பிடிக்கும். அந்த நேரம் அதிகம் மாறுவதில்லை. இன்ஜின் வேகம்தான் மாறுகிறது. ஆகவே வேகம் ஏற ஏறப் பொறி முந்த வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பிஎஸ்ஏ எம்20 பைக்கில் இதை ஓட்டுபவரே ஹேண்டில் லீவரால் செய்தார். பிறகு அந்த வேலை ஸ்பிரிங்கில் கட்டிய சிறு குண்டுகளுக்குப் போனது. சுழற்சியில் அவை விரிந்து கேமைத் திருப்பும். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல ஆண்டுகள் அப்படித்தான் புல்லட் செய்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யும் வண்டிகளில் சென்சார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது கம்பெனியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வெளிப்பெட்டிக்கு அந்த விவரம் தெரியாது. பிஸ்டன் உச்சியில் நிற்பது எப்போது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் உச்சியிலிருந்து ஆரம்பித்தோம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் போல்ட்டைப் பொருத்தி, பிஸ்டன் முட்டி நிற்கும்படி மாட்டினோம். கிராங்கை இரு பக்கமும் திருப்பி, முட்டிய இடங்களைக் குறித்தோம். இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி. கிராங்க் முனைச் சக்கரத்தின் குறுக்களவு 115 மில்லிமீட்டர், சுற்றளவு 361. அதாவது 1 மில்லிமீட்டர் ஏறத்தாழ 1 டிகிரி. சாதாரண அளவுநாடாவை ஒட்டியதும் டிகிரித் தட்டு தயார்.

அடுத்து, எல்லா வேகத்திலும் 10 டிகிரி மட்டுமே கொடு என்று பெட்டிக்குக் கட்டளையிட்டு, பொறிக்குப் பொறி மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தோம். 1,000 ஆர்பிஎம்மில் 14 டிகிரி. 2,000இல் சரியாக 10. 3,000இல் 6. நிற்க வேண்டிய குறி நகர்ந்துகொண்டே போனது. பெட்டியைப் பொருத்தியபோது 2,000 ஆர்பிஎம்மில் மட்டும் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பொறி முந்தியது, மேலே பிந்தியது. இரண்டு நோய்க்கும் காரணம் ஒன்றே.

நழுவல் எங்கிருந்து வருகிறது? பொறி, இக்னிஷன் காயிலை சார்ஜ் செய்து முடித்ததும் வர வேண்டும். சிக்னல் தலைகீழானால் சார்ஜ் தொடங்கும்போதே வந்துவிடும். சார்ஜ் நேரம் 3 மில்லிசெகண்ட். 1,000 ஆர்பிஎம்மில் அது 18 டிகிரி, 3,000இல் 54. அப்படியிருந்தால் வேகம் ஏறும்போது பொறி முந்தியிருக்கும். இங்கே பிந்துகிறது. ஆகவே இக்னிஷன் காயில் பக்கம் குற்றமில்லை. பெட்டியே தாமதிக்கிறதா? 1,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 6,000 டிகிரி சுற்றுகிறது. ஒவ்வொரு 1,000க்கும் 4 டிகிரி பிந்த வேண்டுமென்றால் 0.67 மில்லிசெகண்ட் தாமதம் வேண்டும். இந்த எலக்ட்ரானிக்ஸ் மைக்ரோசெகண்டுகளில் வேலை செய்வது, அவ்வளவு தாமதிக்காது. மிஞ்சியது பிக்கப் காயில்.

பல் நெருங்கும்போது அதில் மின்னழுத்தம் ஏறும். பல்லின் நடு கடக்கும் கணத்தில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தைத் தாண்டும். அந்தக் கணத்தைத்தான் பெட்டி நம்ப வேண்டும். இரு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தால், பற்களுக்கு இடையே மெதுவாகச் சரியும் பகுதியைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். அது வேகத்துக்கு வேகம் இடம் மாறும். பெட்டியோடு வந்த இரண்டு ஒயர்களும் ஒரே கறுப்பு. மாற்றிச் செருகினோம். 1,000, 2,000, 3,000 என்று ஏற்றியும் குறி அசையவில்லை. சென்சார் கோணத்தைப் புதிதாக எழுதியதும் அது 10இல் நின்றது.

எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்பதைப் பழைய குண்டுகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவை முழுக்க விரிந்தால் கேம் 12 டிகிரி திரும்பியது. கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 24. கிக்குக்கு 6 என்றால் உச்சம் 30. திரையில் முதலிலிருந்தே இருந்த எண்கள்தான் இவை. எண்களில் பிழையே இருக்கவில்லை; அவை இன்ஜினைப் போய்ச் சேரவில்லை.

திரையில் தெரிவது நாம் இட்ட கட்டளை. அது நிறைவேறியதா என்பதற்குக் கிராங்க் ஒன்றே சாட்சி. வெளிப்பெட்டி மாட்டுகிற எவரும் 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் பிடித்து, வேகத்தை ஏற்றிக் குறி நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற எதையும் தொட வேண்டும். பொருத்தித் தரும் கடையிலும் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.