கச்சான் காற்றும் கூந்தலும்

ஆனி பிறந்துவிட்டால் ஒலுவிற் கரையிலே கச்சான் வீசும். மழையை மலைநாட்டிலே பொழிந்துவிட்டு வெறுங்கையுடன் வரும் அக்காற்று, வழியிலுள்ள புழுதியை அள்ளி எம் தலையிலே தூவுகின்றது. முக்காடு பாதியைத் தடுக்கும், மீதி சிக்காகும். உலர்ந்த சிக்கை உச்சியிலிருந்து இழுத்துக் கொத்தாக முடியை இழந்தவர்கள் நாம்! உம்மம்மாவோ முழுகுமுன் தேங்காயெண்ணெய் பூசி, நுனியிலிருந்தே சிக்கெடுப்பார். அவ்வெண்ணெய் மயிரிழைக்குள் ஊறி, கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கின்றதென ஆய்வாளரும் கண்டுள்ளனர்.

எண்ணெய்க்கு அன்று வளவுத் தேங்காயே போதும். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்கு வடக்கே கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் பல வீழ்ந்தன. எங்களுடையவையும் அவற்றுள் அடக்கம். இப்பொழுது கடைப் போத்தலிலிருந்து உள்ளங்கையளவே ஊற்றிக்கொள்கின்றோம்.